வெற்றுப் படிவத்தில் ஒரு கையெழுத்து

"வண்டியைக் கொடுத்தாச்சு" என்று நம் வயதுக்காரர்கள் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்டால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. யாரிடம் கொடுத்தீர்கள், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் "புரோக்கர் பார்த்துக்குவான்" என்பார்கள். நிரப்பாத 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் சாவியையும் கொடுத்து, பணத்தை எண்ணி வாங்கி வந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பணிக்காலம் முழுவதும் "வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே" என்று அடுத்தவருக்கு உபதேசம் செய்த குமாஸ்தா நான்.

வண்டி ஒரு குவாலிஸ். 2000 அக்டோபரில் முதல் பதிவு. 2008இல் ஓய்வு பெற்ற பணத்தில் இரண்டாம் கையாக வாங்கினேன். எங்கள் தெருவில் அதை 'ஃபாரின் வண்டி' என்பார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் கட்டிய வண்டிதான். இந்தோனேசியாவில் ஓடிய கிஜாங்தான் இங்கே அந்தப் பெயரில் வந்தது. பத்துப் பேர் உட்காரலாம். பேத்தியின் காதுகுத்துக்கு, சுருளிக்கு, வீரபாண்டித் திருவிழாவுக்கு, இரண்டு முறை வேளாங்கண்ணிக்கு என்று குடும்பமே அதில்தான் போனது.

பதினேழு வருடத்தில் அதற்குச் செய்யாத வைத்தியம் இல்லை. டைமிங் பெல்ட்டை கெடு வருவதற்குள் மாற்றிவிடுவேன். அறுந்தால் என்ஜின் போச்சு என்று தேனி பட்டறைக்காரர் முதல் நாளே பயமுறுத்தியிருந்தார். டீசல் பம்பை மதுரைக்குக் கொண்டுபோய் வேலை பார்த்தோம். பின்பக்கப் பட்டைகளில் ஒன்று உடைந்தபோது முழு செட்டையும் மாற்றினேன். கதவுக்கு அடியில் துரு பிடித்து, டிங்கர் வேலைக்கே ஒரு மாத ஓய்வூதியம் போனது. "ஐயா, இந்தக் காசுக்கு ஒரு நல்ல மாடு வாங்கலாம்" என்றார் டிங்கர். ஆனாலும் என்ஜின் ஒருநாளும் என்னை ரோட்டில் நிறுத்தியதில்லை. நின்றுபோனது என் முழங்கால்தான். கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் விற்கலாம் என்று முடிவெடுத்தேன்.

அது 2025 ஆகஸ்ட். பதிவு அக்டோபரோடு முடிகிறது. கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகியிருந்தது. நான் விற்க நினைத்த அதே ஆகஸ்டில், இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று அறிவிப்பு வந்தது. உண்மையிலேயே இறக்குமதியான நாலு சக்கர வண்டி என்றால் 80,000. பசுமை வரி தனி. பரிசோதனைக்குக் கொண்டுபோகுமுன் பெயிண்ட், விளக்கு, பிரேக் என்று பட்டறைச் செலவு வேறு.

காயலான் கடைக்காரர் 45,000 சொன்னார். புரோக்கர் 90,000 சொன்னார். அந்த 45,000 வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள், விடிவதற்கு முன் கம்பத்தில் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தேன். கம்பம்மெட்டு சாலை திரும்பும் இடத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக, கூடலூரிலிருந்து குமுளி வழியாக, போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு வழியாக, தினமும் இப்படித்தான் நம் பெண்கள் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை பக்கம் போய்வருகிறார்கள். அந்த வரிசையில் என் குவாலிஸ் நின்றது. பின்கதவில் நானே தென்னை மரத்தில் இடித்த பள்ளம் அப்படியே இருந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருந்தார்கள். தூக்குவாளியோடு ஏறிய பெண்களை எண்ணினேன். பதினேழு பேர்.

வீட்டுக்கு வந்து பேரனின் கைபேசியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தோம். உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். பதிவு முடிந்துவிட்டது. காப்பீடு நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. விற்றவர் 14 நாளுக்குள் 29ஆம் படிவத்தில் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கை மாறிக் கை மாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதாவது அந்த வண்டி மலையில் உருண்டால், பதினேழு குடும்பங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டை விற்றாலும் காணாது. அதைவிட எனக்குத் தூக்கம் கெட்டது வேறு காரணத்தால். அந்தப் பெண்களுக்கு எந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்தும் ஒரு பைசா கிடைக்காது.

மறுநாள் ஓட்டுநரைப் பிடித்தேன். முப்பது வயதுப் பையன். அவன் மனைவியும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். சத்தம் போடத்தான் போனேன். "ஐயா, அந்த நேரத்துக்கு எஸ்டேட் வாசலுக்குப் பஸ் விடச் சொல்லுங்க, நாளைக்கே நிறுத்திடறேன்" என்றான். பெயரை ஏன் மாற்றவில்லை என்றேன். "பேரு மாத்தணும்னா முதல்ல பதிவைப் புதுப்பிக்கணும். பத்தாயிரம், வரி, பட்டறைச் செலவு. எங்கய்யா போக?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

கட்டணத்தை ஏற்றினால் பழைய வண்டி உடைப்புக்குப் போகும் என்பது டெல்லிக் கணக்கு. கம்பம் கணக்கு வேறு. இங்கே பழைய வண்டி மலைக்குப் போகிறது. கட்டணம் கட்டுகிறவனின் வண்டியைத்தான் ஆய்வாளர் பிரேக் அழுத்திப் பார்க்கிறார். கட்ட முடியாதவன் ஆய்வாளர் கண்ணிலேயே படுவதில்லை. எந்த வண்டியைச் சோதிக்க வேண்டுமோ அதையே சோதனைக்கு வராமல் விரட்டுகிற கட்டணம் இது. அங்கீகரித்த நிலையத்தில் உடைக்கக் கொடுத்தால், புது வண்டியின் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை உண்டாம். எழுபது தாண்டிய நான் எந்தப் புது வண்டி வாங்கப் போகிறேன்?

அரசைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவுச் சான்று வாங்க வேண்டும், வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததை நாம் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. என் புரோக்கரிடம் கேட்டபோது சிரித்தார். சான்று இல்லாதவரிடம் 45,000 ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்றுதானே நாமும் போகிறோம்?

பாண்டிச்சேரியில் என்னோடு பிரெஞ்சு வழியில் படித்த நண்பன் இப்போது பிரான்சில் இருக்கிறான். அங்கே பதிவுப் புத்தகத்தைச் சாம்பல் அட்டை என்பார்கள். வண்டியை விற்கிறவர் அந்த அட்டையின் குறுக்கே 'விற்கப்பட்டது' என்று தேதியும் மணியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாலு வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால், ஆறு மாதத்துக்குள் எடுத்த சோதனை அறிக்கையையும் வாங்குபவர் கையில் தர வேண்டும். மணி முதற்கொண்டு எதற்கு என்று கேட்டேன். "மூணு மணிக்கு வித்துட்டு நாலு மணிக்கு இடிச்சா யார் பொறுப்புன்னு தெரிய வேணாமா?" என்றான்.

கடைசியில் 70,000 கொடுத்துக் குவாலிஸைத் திரும்ப வாங்கினேன். பையன் நல்ல விலைக்குத்தான் கொடுத்தான் என்று மனைவி கேலி செய்கிறாள். அடுத்த வாரம் முறைப்படி உடைக்கக் கொடுக்கிறேன். இப்போது வேப்பமரத்தடியில் நிற்கிறது.

போன திங்கட்கிழமை அதே வரிசையில் அந்தப் பையனைப் பார்த்தேன். வேறொரு பழைய வண்டி வாங்கியிருக்கிறான். ஆர்.சி.யில் இருப்பது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் பெயராம். அவர் இதைப் படிப்பவராகவும் இருக்கலாம். கடந்த ஒரு வருடத்தில் வண்டி விற்ற ஆசிரியர் யாராவது இருந்தால், இன்று ராத்திரி தூங்குமுன் அந்த எண்ணைக் கைபேசியில் போட்டுப் பாருங்கள்.