ஆயாம்மாவும் மிச்சப் பாலும்

மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கி 2017-ல் சட்டம் திருத்தப்பட்டபோது பலரும் கை தட்டினார்கள். தட்ட வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம். அம்மா ஆபீஸ் கிளம்பும்போது குழந்தைக்கு நாலு மாதம்தான் முடிந்திருக்கும். உலக சுகாதார நிறுவனமோ 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது. நடுவில் உள்ள அந்த இரண்டு மாதம் யார் கையில்? பல வீடுகளில் பக்கத்துத் தெரு ஆயாம்மா கையில்!

ஆயாம்மா நாலு பிள்ளை வளர்த்தவர். அவருக்குத் தெரியாததா? சிக்கலே அங்கேதான். விக்கல் எடுத்தால் ஒரு சங்கு தண்ணீர், நாக்கில் ஒரு சொட்டுத் தேன்... எல்லாம் பாசத்தில் செய்வது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நோய் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மூச்சுக்கே ஆபத்து. இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அதுவும் ஆங்கிலத்தில்! "இத்தனை மணிக்கு இத்தனை மில்லி" என்பது வெறும் உத்தரவு. குழந்தை வீறிட்டு அழும்போது உத்தரவெல்லாம் நிற்காது, காரணம் தெரிந்திருந்தால்தான் நிற்கும்.

பால் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த தாய்ப்பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். சென்னை மே மாதத்தில் அந்தக் கணக்கு செல்லாது, ஃப்ரிட்ஜ்தான். குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்டதை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாது. ஆனால் அந்த அம்மா ராத்திரித் தூக்கம் கெட்டு எடுத்து வைத்த பாலைக் கீழே ஊற்ற எந்த ஆயாம்மாவுக்கு மனசு வரும்? "ஊத்திடுங்க ஆயாம்மா, பரவாயில்லை" என்று பெற்றவளே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சின்னச் சின்ன அளவாகப் பிரித்து வைத்தால் வீணாவதும் குறையும்.

அப்புறம் சாயங்கால விசாரணை. "எல்லாம் சரியாக் குடுத்தீங்களா?" என்று கேட்டால் "குடுத்துட்டேம்மா" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்? "இன்னிக்கு எவ்வளவு குடிச்சான், எப்போ ரொம்ப அழுதான்?" என்று கேட்டால் கதையே வரும். "அழுதான்னு கொஞ்சம் தண்ணி குடுத்தேம்மா" என்று அவராக ஒருநாள் சொன்னால், அன்றைக்குக் கத்தாமல் இருக்க வேண்டும். கத்தினால் மறுநாளிலிருந்து "குடுத்துட்டேம்மா" மட்டும்தான். சங்கு அடுக்களையில் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.