முன்பாரமும் பின்பாரமும்

ஆழ்வார்திருநகரியில் உள்ள நம்மாழ்வாரின் புளியமரத்தைப் பற்றிப் போன வாரம் அரைகுறையாக நிறுத்திய விசாரணையை இவ்வாரம் பூர்த்தி செய்வதாக வாக்களித்திருந்தேன். கடிதமெழுதி நினைவூட்டிய அன்பர்களும் உண்டு. ஆனால், மனசில் எரிச்சலை வைத்துக்கொண்டு நம்மாழ்வாரைப் பற்றி எழுதுவது அபசாரம் என்பதனாலும், அந்த எரிச்சல் இன்னும் தணிந்தபாடில்லை என்பதனாலும், மரம் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும். அதற்குப் பொறுத்துப் பழக்கந்தான்.

எரிச்சலுக்குக் காரணம் என் மருமகனுடைய ஜீப். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் வலு போய்ச் சேருகிற வகையைச் சேர்ந்த அந்த வாகனத்தை அவன் சமீபத்தில்தான் வாங்கினான். காயாமொழிப் பக்கத்துத் தேரியின் விளிம்பில், சிநேகிதன் ஒருவனுடைய பனந்தோப்பில் கூடாரமடித்துத் தங்குவதென்று திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கிளம்பியவன், ஆதிச்சநல்லூர் வழியில்தானே இருக்கிறதென்று என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, காப்பி குடிப்பதற்கு முன்பே பின்கதவைத் திறந்து காட்டினான். பிளைவுட் பலகையில் செய்த இழுப்பறைகள். அவற்றின் மேலே உள்ளிருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் அச்சடித்து ஒட்டிய சீட்டு: கயிறுகள், விளக்குகள், பாத்திரங்கள், மருந்துகள், கருவிகள். கூரைமேல் கம்பிச் சட்டத்தில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் நான்கு, பாரா நிற்கும் சிப்பாய்களைப் போல.

“எல்லாத்தையும் இனம் பிரிச்சு வச்சிருக்கேன் மாமா. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.”

“ஏல, மம்பட்டி எங்கலே?”

“அது நீளமா இருந்துச்சு மாமா. அதான் எல்லாத்துக்கும் அடியில படுக்க வச்சிட்டேன்.”

தேரியை அறியாத வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அது வெறும் மணலன்று. காற்று வாரிக் கொட்டிக் குவித்துவைத்த செம்மணல் மேடு. சக்கரம் அதில் ஒருமுறை சுழன்று புதைந்துவிட்டதென்றால், முடுக்க முடுக்கத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அப்போது முதலில் வேண்டியது மண்வெட்டி. அடுத்தது டயரில் காற்றைக் குறைத்து அதன் அடிப்பரப்பை அகலச் செய்வது. பிறகு இழுவைக் கயிறு. கெட்டித் தரைக்கு வந்தபின் மறுபடி காற்றடிக்கும் பம்ப். இவற்றுக்கான சாமான்களை எடுப்பதற்கு அவன் பாத்திரங்களையும் மருந்துகளையும் படுக்கைகளையும் முதலில் வெளியே இறக்கிச் செம்மணலில் பரப்பவேண்டியிருக்கும். தலைமேல் எண்பது கிலோ தண்ணீர் வேறு. மேடு சரிவாக இருந்தால் வண்டி எந்தப் பக்கம் சாய ஆசைப்படும் என்பதைச் சொல்வதற்குப் பௌதிக சாஸ்திரம் படித்திருக்கத் தேவையில்லை. பையன் அதையும் படித்தவன்.

நான் சிறுவனாயிருந்தபோது, வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகும் கூண்டுவண்டிகளில் சாமான் ஏற்றுவதை வேடிக்கை பார்ப்பதே எங்களுக்கு அரைத் திருவிழா. அடியில் வைக்கோல், அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அச்சுக்கு நேர்மேலே, ராத்திரி தங்கலில் விரிக்கும் பாய் அதற்குமேல், கட்டுச்சோறு உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில், அச்சுக்கு இடும் மசகு வண்டிக்கு அடியில் மூங்கிற் குழாயில் தொங்கும், ஏனென்றால் அது வேண்டியிருக்கும் சமயத்தில் வண்டிக்காரன் வண்டிக்கு அடியில்தான் இருப்பான். பின்பாரம் ஏறிவிட்டால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் ஏறினாலோ பிடரி புண்ணாகிவிடும். ஆகவே எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு வண்டிக்காரர் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “அத்தை, கொஞ்சம் முன்னால தள்ளி உட்காருங்க” என்று பணிவாகச் சொல்வார். எந்த அத்தையும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. சுற்றுப்பயணம் செய்த வெள்ளைக்கார அதிகாரிகள் இரண்டு ஜோடிக் கூடாரங்கள் வைத்திருப்பார்கள் என்றும், ஒன்றில் துரை உறங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று மாட்டுவண்டியில் அடுத்த முகாமுக்குப் போய்விடும் என்றும் படித்திருக்கிறேன். அவ்வளவு படாடோபம் நமக்குச் சாத்தியமில்லை. ஆனாலும், எது எப்போது வேண்டும் என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டு, அதன்பிறகே எதை எங்கே வைப்பதென்று தீர்மானித்தார்கள் அல்லவா, அந்த விவேகம் என் மருமகனின் இழுப்பறைகளில் எதிலும் இல்லை.

கூடாரமடித்துத் தங்கியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் ஆதிச்சநல்லூரில், இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த பழங்கால மேடான பரம்பில், 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் முதன்முதலாகத் தோண்டி, கிடைத்தவற்றைக் கப்பலேற்றிக்கொண்டு போனார். 1899இலிருந்து சில பருவங்கள், சென்னை தொல்லியல் துறைக் கண்காணிப்பாளர் அலெக்ஸாண்டர் ரீ தோண்டினார். இடையில் பாரிஸிலிருந்து லூயி லாப்பிக் வந்து தம் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துச் சென்றார். ரீ துரை தாம் கண்டெடுத்தவற்றுக்கு ஓர் அட்டவணை தயாரித்தார். பெரும்பேர் என்ற ஊரில் கிடைத்த பொருள்களையும் சேர்த்து 1915இல் சென்னை அரசாங்க அச்சகம் அதை வெளியிட்டது. இந்த அட்டவணையை நான் நாவலைப் போல வாசிப்பவன் என்று பரிகாசம் செய்கிறவர்கள், ஒரு மாலை நேரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் அளவுகளையும் வடிவங்களையும் மட்டுமே படித்துப் பார்த்தால், எருமையும் பறவைகளும் அமர்ந்த வெண்கல மூடிகளும், நெற்றியில் கட்டுவதற்கு இரு முனையிலும் துளையிட்ட மெல்லிய பொற்பட்டங்களும், வாள்களும் ஈட்டிமுனைகளும் அரிவாள்களுமாக ஓர் ஊரே எழுந்து வந்து முற்றத்தில் நிற்பதை உணர்வார்கள்.

ஆனால் நான் மயங்குவது அந்தப் பொருள்களின் அழகில் அன்று. அவை அடுக்கப்பட்டிருந்த விதத்தில். கெட்டிச் சரளைத் தரையையும் பாறையையும் குடைந்து குழி வெட்டி, மூன்றடி உயரமும் அதற்கு மேலுமான தாழியை அதில் இறக்கி, சில தாழிகளில் முழு எலும்புக்கூட்டையும் சிலவற்றில் எடுத்துச் சேர்த்த சில எலும்புகளை மட்டுமே வைத்து, சிறு கலயங்களையும் கிண்ணங்களையும் உடன் வைத்து மூடினார்கள். நெல் உமி கிடைத்திருக்கிறது. சிறுதானியத்தின் உமியும் கிடைத்திருக்கிறது. இரும்பு ஆயுதங்கள் தாழிக்கு உள்ளேயும் இருந்தன, வெளியேயும் இருந்தன. அவை எப்போதும் முனை கீழ்நோக்கியே நின்றன என்றும், துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றியிருந்த மண்ணில் குத்தி வைத்தாற்போலத் தோன்றுகிறதென்றும் ரீ எழுதுகிறார். ஆயுதங்களை எல்லாம் உள்ளேயே படுக்க வைக்காமல், சிலவற்றை ஏன் வெளியே, பிடி மேலாக, நிறுத்தினார்கள்? எழுந்து புறப்படுகிறவனுக்கு முதலில் எட்டவேண்டியது அதுதான் என்று நினைத்தார்களோ என்னவோ! இது என் கற்பனை. ரீ துரை இவ்வளவு தூரம் போகவில்லை. ஆயினும், மம்பட்டியை எல்லாவற்றுக்கும் அடியில் படுக்க வைத்தவனை விட, அரிவாளைத் தாழிக்கு வெளியே பிடி மேலாகக் குத்தி வைத்தவர்கள் பிரயாணத்தை நன்றாக அறிந்தவர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இங்கேதான் என் நெடுநாளைய மனத்தாங்கல் வருகிறது. இத்தனை கருத்தாக அடுக்கப்பட்டவற்றை வெளியே எடுத்தவுடன் நாம் என்ன செய்தோம்? பொன்னைப் பொன்னோடும், வெண்கலத்தை வெண்கலத்தோடும், இரும்பை இரும்போடும், மண்ணை மண்ணோடும் சேர்த்து, கண்ணாடிப் பேழைகளில் இனம் பிரித்து வைத்தோம். எந்தப் பட்டம் எந்த நெற்றியோடு இருந்தது, அந்த நெற்றிக்குப் பக்கத்தில் எந்தக் கலயம் இருந்தது, அதற்கு வெளியே எந்த ஈட்டி நின்றது என்பது, எழும்பூர் அருங்காட்சியகத்தின் பேழை முன் எத்தனை நாழிகை நின்றாலும் புலப்படாது. இரும்பை இரும்போடு ஒப்பிட்டுத்தான் காலத்தையும் தொழில்நுட்பத்தையும் நிர்ணயிக்க முடியும் என்று அறிஞர்கள் சொல்வார்கள். நியாயந்தான். ஆனால் பொருளை வைத்தவனுடைய மனசு பொருளில் மட்டுமா இருந்தது? வைத்த இடத்திலும் இருந்ததல்லவா?

தி. சத்தியமூர்த்தியின் தலைமையில் 2004–05இல் நடந்த அகழாய்வு இவ்விஷயத்தில் எனக்கு ஆறுதலளித்தது. அறுநூறு சதுரமீட்டருக்குள்ளாகவே நூற்றைம்பதுக்கும் அதிகமான தாழிகள், மூன்று நிலைகளில், பிற்காலத்தவை முற்காலத்தவற்றின் மேலாக அமைந்திருந்ததைக் குறித்துவைத்தார்கள். ஒரு தாழியின் வாயின்மேல் இன்னொரு தாழியைக் கவிழ்த்து, வாயும் வாயும் பொருந்த மூடிய இரட்டைத் தாழிகளும் அங்கே இருந்தன. நெற்கதிரும் கொக்கும் மானும் முதலையும் ஒரு பெண்ணுருவமும் புடைப்பாக அமைந்த ஓர் ஓடும் கிடைத்தது. அறிக்கை வெளிவருவதற்கு வழக்கும் நீதிமன்றமும் தேவைப்பட்டன என்ற சோகக் கதையை முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுதினால் ரத்தக் கொதிப்பு.

2023 ஆகஸ்டில் பரம்பிலேயே திறக்கப்பட்ட தள அருங்காட்சியகத்தில், தோண்டிய குழிகளை மூடாமல், தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடக்கும்போது காலடியில் ஒரு தாழி, அதன் தோளோடு ஒட்டிச் சாய்ந்தாற்போல ஒரு சிறு கலயம். வைத்தவன் வைத்தபடியே. மருமகனை அங்கே அழைத்துப் போனேன். அவன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டான். திரும்பி வந்து, நான் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்கும்போதே, தண்ணீர்க் கேன்களைக் கூரையிலிருந்து இறக்கிப் பின்இருக்கைக்கு அடியில் வாரால் கட்டினான். மண்வெட்டி பின்கதவின் உட்புறத்துக்கு வந்தது. பெட்டிகளின் சீட்டுகளைக் கிழிக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

இன்னொரு காரியம் பாக்கியிருக்கிறது. ரீயின் 1915 அட்டவணையையும், 1902–03ஆம் ஆண்டுத் தொல்லியல் துறை அறிக்கையில் அவர் எழுதியிருக்கும் விவரணையையும் பக்கத்தில் பக்கம் வைத்துக்கொண்டு, ஒன்றாயிருந்து பிரிந்த பொருள்களைக் காகிதத்திலாவது அவற்றின் தாழிகளில் திரும்பச் சேர்த்துப் பார்க்கும் பொறுமையுள்ள ஆராய்ச்சி மாணவர் நெல்லையிலோ தூத்துக்குடியிலோ இருந்தால், அவருக்குப் பெரிய புண்ணியமுண்டு. எத்தனை தாழிகள் தேறும் என்று இப்போது சொல்வதற்கில்லை. அட்டவணையின் நகல் என்னிடம் இருக்கிறது. புத்தகம் இரவல் கொடுப்பதில் என் கொள்கை இன்னதென்று பல வாரங்கள் புலம்பியிருக்கிறேனாகையால், திண்ணையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போகலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் காப்பியும் கிடைக்கும்.