காந்தம் வரட்டும், முதலில் கூச்சம் போகட்டும்

பிள்ளைகளா, சொந்தங்களே,

நம் குழுவில் இரண்டு நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. மார்பகக் கட்டிக்குள் அரிசி அளவு காந்தத்தை வைத்து, ஆபரேஷன் அன்று கருவியால் தேடி, கட்டியை மட்டும் எடுக்கிறார்களாம். கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: "நம்ம ஊர் டாக்டருங்க இன்னும் கம்பி குத்திக்கிட்டு இருக்காங்க." அவனுக்கு எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவள் நான். தம்பி, பாதிதான் படித்திருக்கிறாய்.

முதலில், அது காந்தமே இல்லை. மேக்சீட் என்கிற 5 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் உள்ள எண்டோமேக் நிறுவனத்தின் தயாரிப்பு. கருவி கிட்டே வந்தால் காந்தமாகும், விலகினால் வெறும் எஃகு. காந்தத்தில் ஒட்டிய ஆணி இன்னொரு ஆணியை இழுக்கும் என்று வகுப்பில் செய்து காட்டினேனே, அதேதான். நல்ல விஷயம், மறுக்கவில்லை. கம்பியைப் பெரும்பாலும் ஆபரேஷன் அன்றே குத்த வேண்டும், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சில சமயம் நகரும். இதைப் பல நாள் முன்பே வைத்துவிடலாம். ஆனால் பக்கத்தில் எஃகுக் கத்தரி இருந்தால் கருவி குழம்பும், எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் மறைந்துபோகும். வீடியோவில் இதெல்லாம் வராது.

கம்பியோ காந்தமோ, கைக்குத் தட்டுப்படாத கட்டிக்குத்தான் தேவை. அப்படிப்பட்ட கட்டியோடு நம் வீட்டுப் பெண்கள் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் உறவிலேயே ஒருத்தி ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தாள். கேட்டால், "வலிக்கவே இல்லையேக்கா" என்றாள். வலிக்காது, அதுதான் ஆபத்து.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஒன்றரை லட்சம் பெண்களில் பாதிப்பேரை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். வெறும் கைதான். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

இன்னொன்று, இதை அந்தத் தம்பி முக்கியமாகக் கேட்க வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் பலருக்கு முதலில் கீமோ கொடுப்பார்கள். மருந்தில் கட்டி கரைந்தே போகலாம். சந்தோஷம்தான். ஆனால் அது இருந்த இடம் எது? குறி வைக்காமல் விட்டிருந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய மார்பையும் முழுதாக எடுக்க நேரிடலாம். அந்தக் குறிக்கு விலை உயர்ந்த காந்தம் வேண்டியதில்லை. ரத்தக்குழாயை அடைக்கிற சாதாரண டைட்டானியம் கிளிப்பையே உள்ளே வைக்கிற டாக்டர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். கூடப் போகும் மகனோ கணவனோ, முதல் கீமோவுக்கு முன்னால் வாய் திறந்து கேட்க வேண்டும்: "குறி வச்சாச்சா டாக்டர்?"

"டீச்சர் இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா" என்று கேட்கப்போகும் மைத்துனருக்கு: எழுதிவிட்டேன். அக்காவை அழைத்துக்கொண்டு இந்த வாரமே தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள்.