ஓர் ஆற்றுக்கு ஒரே ஜலக்கணக்கு

அடையாற்று வடிநிலத்தில் நிலமுள்ள விவசாயிகளும், அக்கிராமங்களின் உத்தியோகஸ்தர்களும் ஐப்பசி மழைக்கு முன்பாக ஆலோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஏரியின் ஜலத்தைத் தம் ஊர்க் காரியமாக மட்டுமே கருதி வருகிறோம். ஏரி நிரம்பினால் நமக்கு லாபம், வழிந்தால் கீழூரார் பாடு என்பதோடு யோசனை நின்றுவிடுகிறது. இவ்வழக்கம் மாறவேண்டும். ஓர் ஆற்றின் ஜலத்துக்கு அதனைச் சார்ந்த யாவரும் சேர்ந்து ஒரே கணக்கு வைக்கவேண்டும் என்பது எனது அபிப்பிராயம்.

அடையாறு ஏரிகளின் உபரிநீரால் உண்டாகும் ஆறு. அதன் ஒரு கிளை செங்கற்பட்டு ஜில்லாவில் ஆதனூர் ஏரிப் பக்கத்திலும், மற்றொரு கிளை காஞ்சீபுரம் ஜில்லாவில் மணிமங்கலம் பக்கத்திலும் தொடங்குகின்றன. ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த ஜலம் அடுத்த ஏரிக்கு வரத்தாகிறது. இவ்வாறு திரண்ட ஜலம் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகச் சென்று, திருநீர்மலைப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரோடு கலந்து, சென்னை நகரத்தைக் கடந்து கடலில் விழுகின்றது. சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சிறிய ஆற்றுக்கு மூன்று ஜில்லாக்கள் எஜமானர்களாக இருக்கின்றன.

2015ஆம் வருஷம் டிசம்பர் 2ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பெய்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி ஜலம் திறக்கப்பட்டதைப் பற்றியே ஜனங்கள் அதிகமாகப் பேசினார்கள். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் செம்பரம்பாக்கத்து ஜலம் வந்து கலக்குமிடத்துக்கு மேற்புறத்தில் உள்ளவை. அவ்விடங்களில் புகுந்த வெள்ளம் பெரும்பாலும் ஆதனூர், மணிமங்கலம் முதலிய மேலேரிகளின் வழியாக வந்ததாகும். பெரிய ஏரிக்குக் கணக்கு இருந்தது; காவல் இருந்தது. சிறிய ஏரிகள் பலவற்றின் மட்டத்தை நாழிகைதோறும் பார்த்துக் கீழூருக்குச் சொல்வார் எவருமில்லை.

நமது வழக்கம் ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். நவரைப் போகத்துக்கு ஜலம் வேண்டுமென்று கலங்கலின்மேல் பலகையோ மண்மூட்டையோ வைத்து ஏரியின் மட்டத்தை உயர்த்துவது பல ஊர்களில் உண்டு. மழை மிதமாயிருந்தால் இதனால் சிறிது லாபம் கிடைக்கலாம். பெருமழையிலோ கரை உடையும் அபாயம் ஏற்படுகின்றது. மண்மூட்டைகள் ஒரே சமயத்தில் அடித்துச் செல்லப்பட்டால், பல நாளில் போகவேண்டிய ஜலம் சில நாழிகையில் கீழூரின் சம்பாப் பயிர்மீது பாய்கிறது. வைத்தவரும் கெடுகிறார், கீழே உள்ளவரும் கெடுகிறார்.

இப்போது வெள்ளத்தை முன்னதாகக் கணித்துச் சொல்லும் முறைகள் வந்திருக்கின்றன. சென்னைக்கான கடலோர வெள்ள எச்சரிக்கை முறை 2019ஆம் வருஷத்தில் ஆரம்பிக்கப்பட்டது. மழையின் அளவு, நிலத்தின் சரிவு, ஏரி, ஆறு இவற்றின் நிலை, கடலின் ஏற்றவற்றம் ஆகியவற்றைக் கொண்டு எவ்விடத்தில் எவ்வளவு ஜலம் நிற்கும் என்பதைக் கம்ப்யூட்டர் இயந்திரத்தால் கணிக்கிறார்கள். இது மிகவும் உபயோகமான ஏற்பாடு. எனினும் கலங்கலின்மேல் இரவில் வைக்கப்பட்ட பலகை அவ்வியந்திரத்துக்குத் தெரியாது. ஏரிக்கரையில் எடுக்கும் கணக்கு பிசகினால் மேலே செய்யும் கணிப்பும் பிசகும்.

கணக்கைக் கொடுத்தால் நம் ஜலத்தைப் பிறர் கேட்பார்களே என்று சில நிலச்சுவான்தார்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் காவேரியின் அநுபவத்தைப் பாருங்கள். 2018ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார், சாதாரண வருஷத்தில் தமிழ்நாட்டுக்குச் சேரவேண்டியது 177.25 டி.எம்.சி. என்றும், அது பிலிகுண்டுலுவில் அளக்கப்படவேண்டும் என்றும் தீர்ப்புச் செய்தார்கள். அங்கே அளப்பவர்கள் இரு ராஜ்யத்தாருமல்லர்; மத்திய ஜலக் கமிஷனார். தகராறு இதனால் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் எவ்வளவு வந்தது என்பதற்கு இருதரப்பாருக்கும் பொதுவான அளவு ஒன்று இருக்கின்றது. அளவு இல்லாதபோது நஷ்டமடைகிறவர் பெரும்பாலும் கடைமடைக்காரரே.

அந்நிய தேசங்களும் இவ்வழியில் முயன்றிருக்கின்றன. மீகாங் நதியின் கீழ்ப்பகுதியிலுள்ள கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு தேசத்தார் 1995ஆம் வருஷத்தில் உடன்படிக்கை செய்து ஒரு கமிஷனை ஏற்படுத்தினார்கள். அவர்கள் ஜலமட்டக் கணக்கைப் பரிமாறி, நதி முழுவதற்கும் பொதுக் கணிப்பு முறைகளை அமைத்தார்கள். ஆனால் அணை கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் அக்கமிஷனுக்கு இல்லை. மேற்பகுதியில் அணைகளுள்ள சீனா அதில் அங்கத்தினரும் அல்ல. வருஷம் முழுவதும் ஜலமட்டக் கணக்கைக் கொடுக்க அந்நாடு 2020ஆம் வருஷத்தில்தான் சம்மதித்தது. மேலே இருப்பவர் கணக்கைத் தராதவரையில் கீழே இருப்பவரின் சாமர்த்தியம் பாதிதான் பயன்படும்.

பாஷையும் கொடியும் வேறான தேசங்கள் இவ்வளவு செய்யும்போது, ஒரே ஆற்றின் கரையில் கொள்வினை கொடுப்பினை உள்ள நாம் செய்யக்கூடாதா? செய்யவேண்டியவை சிலவே. ஒவ்வோர் ஏரியிலும் மதகருகில் அளவுகோல் நாட்டவேண்டும். மழைக்காலத்தில் தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு மழையையும் ஏரிமட்டத்தையும் குறித்து, அதனை அடுத்த கீழூருக்கும் தாலூகா ஆபீஸுக்கும் டெலிபோன் மூலம் தெரிவிக்கவேண்டும். கலங்கலை உயர்த்துவதை அறவே விடவேண்டும். புரட்டாசி மாதத்திற்குள் மேலூர், கீழூர் பாசனக்காரர்களும் கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களும், ஜில்லா எல்லையைப் பாராமல், ஒருமுறை கூடிப் பேசவேண்டும்.

தாம்பரத்தைச் சுற்றிய ஆயக்கட்டுகள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. அங்கே மதகைத் தேடுவார் குறைந்தாலும் கலங்கல் வழிவது நிற்கவில்லை. மீதமுள்ள விவசாயிகளே ஏரியின் குணத்தை நன்கு அறிந்தவர்கள். அவர்கள் முன்வந்து கணக்கை ஆரம்பித்தால் சர்க்காரின் கணிப்பும் சீர்படும். கீழூரின் பயிரும் வீடும் தப்பும். கோடையில் ஜலம் குறைந்தபோது நம் பங்கைக் கேட்பதற்கும் அதே கணக்குப் புத்தகம் நமக்குச் சாட்சியாகும்.