கூரைமேல் கற்றவர்கள்

1928-ஆம் ஆண்டு வாஷிங்டனில், அமெரிக்கக் கடற்படைத் துறைக் கட்டடத்தின் கூரைமேல் ஒரு வகுப்பு தொடங்கிற்று. மாணாக்கர் அதிகாரிகளல்லர், சாதாரணப் படைவீரர்கள். ஜப்பானியக் கடற்படை அனுப்பிய மோர்ஸ் ஒலிகளைச் செவியால் பிடித்து, ஜப்பானிய எழுத்துகளாகவே பதியப் பழகினார்கள். 1941 வரை தேறியவர்கள் 176 பேர்.

செய்திகள் சங்கேதத்தில் இருந்தமையால் பொருள் அவர்களுக்கு விளங்காது. கேட்டதைக் கேட்டபடியே எழுதவேண்டும். விடுபட்ட எழுத்தை ஊகித்து நிரப்பலாகாது. அந்தத் தாளை நம்பியல்லவா கப்பல்கள் புறப்படும்! 1942 ஜூனில் மிட்வே தீவருகே ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதில் இத்தகைய உழைப்புக்கும் பங்குண்டு.

ஆயினும், போர் முடிந்தபின்னும் பல ஆண்டுகள் அவர்கள் அதைப்பற்றி வாய்திறக்கக்கூடாதிருந்தது. மனைவியிடங்கூடச் சொல்லலாகாது. கடற்படை உளவுப் பிரிவில் இன்று சேரும் இளைஞரும் அவ்விதமே கட்டுண்டவர்கள்.

இப்படி மறைப்பது பொய்யாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது என்பதே என் துணிவு. பொய்யன் பெரும்பாலும் தன்னைத் தப்புவிக்கவே பேசுகிறான். இவர்களோ கப்பலிலுள்ள பிறருக்காக வாய்மூடுகிறார்கள், தமக்குரிய பாராட்டையும் இழந்து.

உங்கள் உறவில் அப்படியொரு பிள்ளை விடுப்பில் வந்தால், வேலையைத் துருவிக் கேளாதிருங்கள். சரியாகச் சாப்பிடுகிறாயா, உறக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.