குடியிருப்பவர்களைக் கேட்காமல் மாறும் உலகங்கள்

2010 ஜூன் 9-ஆம் தேதி, சான்பிரான்சிஸ்கோவில் இயங்கும் லிண்டன் லேப் நிறுவனம் தன் ஊழியர்களில் 30 சதவீதம் பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தை நடத்தும் நிறுவனம் அது. 2003 ஜூன் 23 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அந்த உலகத்தில், கணினித் திரையில் ஓர் உருவம் எடுத்து நுழைபவர் நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், உடை வடிவமைத்து விற்கலாம், வகுப்பு நடத்தலாம். ஆட்குறைப்புச் செய்தி பொதுவாக வேலை இழந்தவர்களையும் முதலீட்டாளர்களையும்தான் உலுக்கும். இங்கே வாடிக்கையாளர்களும் சேர்ந்து கலங்கினார்கள். துக்கமும் கோபமும் அச்சமும் கலந்த அந்தக் கூச்சல், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு விளையாட்டுப் பித்தாகத் தெரிந்தது. அந்தப் பார்வை தவறு என்பதே என் கருத்து. இந்த உலகங்களில் குடியிருப்பவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாப்பு மிகக் குறைவு. அவர்கள் நம்பியிருப்பது அங்கே வேலை பார்க்கும் மனிதர்களை. அந்த மனிதர்கள் போகும்போது நம்பிக்கையின் ஆதாரமும் போய்விடுகிறது என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

செகண்ட் லைஃபில் நிறுவன ஊழியர்கள் எல்லோரும் லிண்டன் என்ற ஒரே குடும்பப் பெயரோடுதான் உலவினார்கள். பலர் குறித்த நேரத்தில் உலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து, வந்தவர்களின் குறைகளைக் கேட்டார்கள். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கரடிப் பொம்மை உண்டு. அதைத் தாமே வடிவமைத்து, சந்திப்பவர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கமாக இருந்தது. பயனர்கள் அந்தக் கரடிகளைச் சேர்த்துவைத்தார்கள். இதில் குழந்தைத்தனம் தெரியலாம். ஆனால் அந்தப் பொம்மையைக் கொடுத்தவர்தான், நேற்று திடீரெனக் காணாமற்போன கடையை மீட்டுத் தந்தவர், ஒரு பழுது ஏன் இன்னும் சரியாகவில்லை என்று பொறுமையாக விளக்கியவர். ஆட்குறைப்புக்குப் பிறகு கரடி பயனரின் கையிருப்பில் அப்படியே கிடக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல அதற்குரியவர் இல்லை. இரண்டு வாரங்கள் கழித்துத் தலைமைச் செயல் அலுவலர் மார்க் கிங்டனும் பதவி விலகினார். நிறுவனர் பிலிப் ரோஸ்டேல் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். நிறுவனம் தந்த வாக்குறுதிகள் இனி யாருடைய வாக்குறுதிகள் என்ற கேள்வி அப்போது எழுந்ததில் வியப்பில்லை.

அந்த வாக்குறுதிகள் சின்னவையும் அல்ல. தொடக்க மாதங்களில், ஒருவர் எத்தனை பொருள்களை உருவாக்கி வைத்திருக்கிறாரோ அதற்கேற்ப வரி வசூலிக்கும் முறை அங்கே இருந்தது. அதிகம் கட்டுபவருக்கு அதிக வரி. அமெரிக்கானா என்ற பகுதியில் பெரிய கட்டடங்களை எழுப்பியிருந்தவர்கள் பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சியை நினைவூட்டும் வகையில் ஆளுயரத் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போராடினார்கள். 2003 இறுதிக்குள் அந்த வரி போய், நிலத்துக்கான கட்டணம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், பயனர்கள் உருவாக்குவதன் அறிவுசார் சொத்துரிமை அவர்களுக்கே என்று நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் தங்கள் இரவுகளை அங்கே செலவிட்டார்கள். பலருக்கு அது வருமானமாகவும் ஆனது: 2015-இல் மட்டும் பயனர்கள் சுமார் 6 கோடி டாலரை உண்மைப் பணமாக வெளியே எடுத்தார்கள். உலகத்தின் பொருள்களில் ஏறக்குறைய அனைத்தையும் பயனர்களே செய்தார்கள். நிறுவனம் நிலத்தையும் சர்வரையும் கொடுத்தது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பயனரை வெறும் நுகர்வோர் என்று அழைப்பது நியாயமாகாது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் 2008 அக்டோபரில் வந்தது. ஓபன்ஸ்பேஸ் என்ற மலிவு நிலப் பகுதிகள் முதலில் கடல், காடு போன்ற வெற்றிடங்களுக்காக விற்கப்பட்டவை. ஒரே சர்வரில் பல பகுதிகளை அடுக்கிவைப்பதால் அவற்றின் விலை குறைவு. அந்த ஆண்டின் முற்பகுதியில் நிறுவனமே விதிகளைத் தளர்த்தியது. ஒரு பகுதியில் 3,750 பொருள்கள் வரை வைக்க முடிந்தது. மக்கள் அங்கே வீடுகளைக் கட்டினார்கள், வாடகைக்கு விட்டார்கள், குதிரை லாயங்களும் நடன அரங்குகளும் எழுந்தன. சர்வர்களில் சுமை கூடியது. உடனே மாதக் கட்டணம் 75 டாலரிலிருந்து 125 டாலராக உயரும் என்று அறிவிப்பு வந்தது. நிலம் வாங்கி மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த சிறு முதலாளிகளின் நிலையை நினைத்துப் பாருங்கள்: குடியிருப்பவரிடம் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகக் கேட்க முடியாது; தாங்களே ஏற்கவும் முடியாது. உலகத்துக்குள்ளேயே பதாகைகளோடு கூட்டம் கூடியது. கடைசியில் நிறுவனம் ஹோம்ஸ்டெட் என்ற புதிய வகையை உருவாக்கி, 2009 ஜனவரியில் 95 டாலர், பிறகு படிப்படியாக 125 டாலர் என்று கொஞ்சம் இறங்கிவந்தது. சர்வர் சுமை உண்மையான பிரச்சினை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமையை வரவழைத்த விதித் தளர்வு நிறுவனத்தின் முடிவு. அதற்கான அபராதம் மட்டும் பயனர்கள் தலையில் விழுந்தது.

ஆட்குறைப்பு நடந்த நான்கு மாதங்களுக்குள், கல்வி நிறுவனங்களுக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் தரப்பட்ட 50 சதவீதச் சலுகை 2011 ஜனவரி முதல் கிடையாது என்ற அறிவிப்பு வந்தது. மாதம் 147.50 டாலருக்கு ஒரு முழுப் பகுதியை வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் இனி 295 டாலர் கட்ட வேண்டும். கல்வியாண்டின் நடுவில் எந்தத் துறைக்கு இரட்டிப்புப் பணம் கிடைக்கும்? பலர், இத்தகைய உலகத்தைத் தாமே அமைக்க உதவும் ஓபன்சிமுலேட்டர் என்ற திறந்தநிலை மென்பொருளுக்கு மாறினார்கள். 2013-இல் சலுகையை நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. 2010 ஜூன் மாதத்தில் ஊழியர்களுக்காகக் கலங்கியவர்கள், அடுத்து என்ன வரும் என்பதைத்தான் முன்கூட்டியே பார்த்திருந்தார்கள்.

2013 ஆகஸ்டில் வந்த சேவை விதிமுறை மாற்றம் இதைவிட ஆழமாகக் கீறியது. பயனர்கள் பதிவேற்றும் படைப்புகளை மறுவிற்பனை உட்பட ஏறக்குறைய எதற்கும், காலவரையறை இன்றிப் பயன்படுத்தும் உரிமையை நிறுவனம் எடுத்துக்கொள்ளும் வகையில் வாசகங்கள் இருந்தன. உரிமை உங்களுடையதே, ஆனால் அதைப் பயன்படுத்த எங்களுக்குத் தடையில்லை என்ற இந்த ஏற்பாடு, 2003-இன் வாக்குறுதியை உள்ளுக்குள் வெறுமையாக்கியது. வடிவமைப்பாளர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். மேற்பரப்புப் படங்களை வழங்கிவந்த சிஜிடெக்ஸ்சர்ஸ் நிறுவனம் தன் படங்களை செகண்ட் லைஃபில் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்லிவிட்டது. 2014 ஜூலையில் வாசகங்கள் ஓரளவு சுருக்கப்பட்டன. இத்தகைய ஒப்பந்தங்கள் எவ்வளவு ஒருதலைப்பட்சமானவை என்பதை அதற்கு முன்பே ஒரு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏலத்தில் நிலம் வாங்கிய ஒரு பயனரின் கணக்கை நிறுவனம் முடக்கிய வழக்கில், 2007 மே மாதம் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், நடுவர் தீர்ப்பைக் கட்டாயமாக்கும் விதி மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று கூறி அதை ஏற்க மறுத்தது. பேரம் பேச இடமே இல்லாத, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்ற வகை ஒப்பந்தம் அது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

பிடிக்கவில்லை என்றால் வெளியேறுங்கள் என்பதுதான் வழக்கமான மறுப்பு. நிறுவனத்தின் சொத்தை நிறுவனம் எப்படி வேண்டுமானாலும் நடத்தட்டும், யாரையும் கட்டிப்போடவில்லையே என்கிறார்கள். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இலேயே இதற்கு விடை தந்திருக்கிறார்: ஓர் அமைப்பு சீரழியும்போது மனிதர்கள் வெளியேறலாம், அல்லது குரல் எழுப்பலாம், வெளியேறுவது எவ்வளவு கடினமோ, பற்று எவ்வளவு ஆழமோ, அந்த அளவுக்குக் குரல் உரக்க ஒலிக்கும். மெய்நிகர் உலகத்தில் வெளியேறுவதன் விலை மிக அதிகம். தானே செய்த சில பொருள்களை வேறு மென்பொருள் வழியாக ஒருவர் வெளியே எடுக்கலாம். வாங்கிய நிலத்தையும், மற்றவர்களிடம் வாங்கிச் சேர்த்த பொருள்களையும், பல ஆண்டு வாடிக்கையாளர்களையும், அந்தப் பெயரால் மட்டுமே அறியப்பட்ட நட்புகளையும் எடுத்துச் செல்ல வழியில்லை. விலகிப் போவது இவ்வளவு கடினமாக இருக்கும் இடத்தில், விலகிப் போகச் சொல்வது பதில் ஆகாது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் வலுவானது. பயனர்கள் எதை மாற்றினாலும் எதிர்க்கிறார்கள். அவர்களைக் கேட்டால் எந்த முன்னேற்றமும் நடக்காது. இதில் உண்மை உண்டு. 2007-இல் செகண்ட் லைஃபுக்குக் குரல்வழி உரையாடல் வந்தபோது, தட்டச்சு செய்தே பழகியவர்களும் தங்கள் அடையாளத்தை மறைத்து வாழ்ந்தவர்களும் எதிர்த்தார்கள். பிறகு அது சாதாரணமாகிவிட்டது. ஆனால் எதிர்ப்புக்குள் இருக்கும் தகவலைப் பிரித்தெடுப்பது நிறுவனத்தின் வேலை. 2022 ஜூலையில், விஆர்சாட் என்ற இன்னொரு மெய்நிகர் உலகத்தை நடத்தும் நிறுவனம், ஏமாற்று மென்பொருள்களைத் தடுக்க ஈஸி ஆன்டி-சீட் என்ற காவல் நிரலைச் சேர்த்தது. கூடவே, பயனர்களே எழுதியிருந்த துணை நிரல்கள் எல்லாமே நின்றுபோயின. செவித்திறன் குறைந்தவர்களும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் அந்த உலகத்துக்குள் நுழைய நம்பியிருந்த வசதிகளும் அவற்றில் அடங்கும். பல்லாயிரம் பேர் எதிர்த்த பிறகே அத்தகைய வசதிகளை நிறுவனம் அவசர அவசரமாகத் தானே சேர்க்கத் தொடங்கியது. பாதுகாப்பு தேவைதான். எவர் மேல் கதவு மூடப்படுகிறது என்பதை முன்னதாகக் கேட்டிருந்தால், அந்த வசதிகளைச் செய்து முடித்துவிட்டே பூட்டைப் போட்டிருக்கலாம்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் நடத்தும் ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி உலகத்தில் 2011-இல் நடந்தது, இந்த மறுப்புக்கும் அடுத்து வரும் மறுப்புக்கும் சேர்த்தே பதில் சொல்கிறது. அந்த ஜூன் மாதம் இன்கார்னா என்ற புதுப்பதிப்போடு ஓர் ஆடம்பரக் கடை திறக்கப்பட்டது. அங்கே ஒற்றைக் கண் கண்ணாடி ஒன்றின் விலை 60 டாலருக்கு மேல். அதே நேரத்தில் நிறுவனத்தின் உள் மடல் ஒன்று கசிந்தது. பேராசை நல்லதா என்ற கேள்வி அதன் தலைப்பில் இருந்தது. தலைமைச் செயல் அலுவலர் ஹில்மர் பியேட்டுர்சன் எழுதியதாக வெளிவந்த மின்னஞ்சல், பயனர்கள் சொல்வதைவிட அவர்கள் செய்வதைக் கவனிக்கச் சொன்னது. பயனர்கள் செய்தும் காட்டினார்கள்: விண்மீன் சந்தையான ஜிட்டாவில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஒன்றுகூடி, அழிக்க முடியாத ஒரு நினைவுச்சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தன. பலர் சந்தாவை நிறுத்தினார்கள். 2008 முதல் அந்த உலகத்துக்குப் பயனர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று இருந்ததால், நிறுவனம் அதன் உறுப்பினர்களை ரெய்க்யாவிக்குக்கு அழைத்துப் பேசியது. அக்டோபரில் பியேட்டுர்சன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் 20 சதவீத ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள்.

நிறுவனம் பிழைத்தால்தானே உலகமும் பிழைக்கும், ஆட்குறைப்புக்குக்கூடப் பயனர்களின் சம்மதம் கேட்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இந்த நிகழ்வின் பின்பாதியைப் பார்க்க வேண்டும். 20 சதவீதம் என்பது சிறிய வெட்டல்ல. வேலை இழந்தவர்களின் வேதனையும் குறைந்ததல்ல. ஆனால் நிறுவனம் என்ன செய்யப்போகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னது: மற்றத் திட்டங்களைச் சுருக்கி, கப்பல்களின் விளையாட்டுக்குத் திரும்புகிறோம் என்றது. வெட்டு அதிகம் விழுந்தது அட்லாண்டாவில் வேறொரு விளையாட்டை உருவாக்கிய குழுவின் மேல். நவம்பர் இறுதியில் வந்த குரூசிபிள் பதிப்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பயனர்கள் திரும்பினார்கள், அந்த உலகம் இன்னும் நடக்கிறது. வெட்டின் அளவைக் காட்டிலும், அது எதைக் காப்பாற்ற நடக்கிறது என்ற விளக்கத்தைத்தான் பயனர்கள் பார்த்தார்கள். விளக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு மன்றம் இருந்தது என்பது இங்கே முக்கியம்.

மன்றமும் இல்லை, அவகாசமும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற இணைய விளையாட்டு உலகம் சாட்சி. 2012 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் அதை வளர்த்துவந்த பாராகன் ஸ்டுடியோஸை மூடியது. நவம்பர் 30-ஆம் தேதி சர்வர்கள் நின்றன. இடையில் மக்கள் கூட்டம் கூட்டமாக அட்லஸ் பார்க் என்ற பகுதியில் தீப்பந்தங்களோடு திரண்டார்கள், மனுக்கள் போட்டார்கள், பயனில்லை. சிலர் ரகசியமாக ஒரு சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தது 2019-இல் தெரியவந்தது. 2024 ஜனவரியில் ஹோம்கமிங் என்ற ரசிகர் சர்வருக்கு என்சிசாஃப்ட் முறையான உரிமம் கொடுத்தது. பதினோரு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த இந்த அனுமதியை, மூடும் நாளிலேயே கொடுத்திருக்க முடியும்.

ஆகவே நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது பரிவு அல்ல, ஏற்பாடு. கட்டணமும் விதிமுறையும் மாறுவதற்குக் குறைந்தது ஓர் ஆண்டு அவகாசம். பயனர் தானே உருவாக்கியதை முழுமையாக வெளியே எடுக்கும் வழி, இதைத் தொழில்நுட்பம் தடுக்கவில்லை, ஓபன்சிமுலேட்டரில் ஒரு பகுதி முழுவதையும் கோப்பாகச் சேமிக்க முடிகிறது. உள் விவரங்களைக் கேட்டறியும் அதிகாரத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். உலகத்தை மூடுவதானால், நடத்த முன்வருபவர்களுக்கு உரிமம். இவற்றைத் தானாக முன்வந்து செய்யும் நிறுவனங்கள் குறைவு என்பதால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்கள் இந்த இடத்துக்கும் வர வேண்டும். அதுவரை, இத்தகைய உலகம் ஒன்றில் உழைப்பையும் பணத்தையும் போட நினைக்கும் இளைஞர்கள் முதல் நாளிலேயே கேளுங்கள்: நான் இங்கே கட்டுவதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில், இழந்தால் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எதையும் போடாதீர்கள்.