பேர் தெரியாத காலேஜா? பாலிடெக்னிக்கா?

மே மாதம் பரீட்சை முடிவு வந்துவிட்டால் சென்னையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்.

"பையனை எதுல சேர்க்கப் போறீங்க?"

"என்ஜினீயரிங்தான்!"

"எந்தக் காலேஜ்?"

இந்தக் கேள்வி வந்ததும் பலர் தடுமாறுகிறார்கள். "பஸ் வாசலுக்கே வருமாம்" என்கிறார்கள். வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

பாலிடெக்னிக் என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும்! "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்பார்கள்.

சொந்தக்காரர்களா வந்து கடனைக் கட்டப் போகிறார்கள்?

6 வருடக் கணக்கு

விரல் விட்டு எண்ணுங்கள். பிளஸ்-1, பிளஸ்-2 படித்து, பி.இ. 4 ஆண்டு படித்தால் மொத்தம் 6 வருடம்.

பத்தாவது முடித்து பாலிடெக்னிக்கில் 3 வருடம் படித்தால் டிப்ளமோ. அதை வைத்து பி.இ. 2-ம் ஆண்டில் நேராகச் சேரலாம். அங்கே 3 வருடம். இதுவும் 6 வருடம்தான்!

பிளஸ்-2 முடித்தவன் டிப்ளமோவில் நேராக 2-ம் ஆண்டில் சேரலாம். அவனுக்கு மட்டும் ஒரு வருடம் கூடுதலாகும். ஒரு வருடம் போனால் போகட்டும். மூன்று, நான்கு வருடக் கட்டணம் வீணாகாமல் இருந்தால் சரி.

பாதியில் நின்றால்?

முக்கியமான விஷயம் இதுதான். பி.இ. சேர்ந்தவன் அரியர் மேல் அரியர் வைத்து 3-ம் ஆண்டில் நின்றுவிட்டால் கையில் என்ன இருக்கும்? பிளஸ்-2 சர்டிபிகேட்டும் பாங்கு கடனும்தான்!

டிப்ளமோ முடித்தவன் அதோடு நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். ரெயில்வே ஜூனியர் என்ஜினீயர் பரீட்சைக்கு டிப்ளமோ போதும். பி.இ. முடித்தவர்களும் அதே பரீட்சைக்குத்தான் முட்டி மோதுகிறார்கள். ஒரு வருடம் உதவித் தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சியும் உண்டு. அதற்கான தென் மண்டல அலுவலகம் நம்ம தரமணியிலேயே இருக்கிறது. அரசு மத்திய பாலிடெக்னிக்கும் அங்கேதான். பெண்களுக்குத் தனியாக தருமாம்பாள் அரசு பாலிடெக்னிக்கும் தரமணியிலேயே உண்டு.

"பட்டம் ஒண்ணுதானே?"

"எங்கே படிச்சாலும் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கேள்வித்தாளும் ஒன்றுதானே! நல்ல ஆசிரியரிடம் படித்தவனும், ஆசிரியரே இல்லாமல் படித்தவனும் ஒரே தாளைத்தான் எழுத வேண்டும்.

2024 ஜூலையில் நடந்தது மறந்துபோச்சா? ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டிய விவகாரம் வெடித்தது. அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியது. தமிழ்நாட்டில் 400-க்கும் மேல் என்ஜினீயரிங் கல்லூரிகள். எல்லாம் ஒரே தரமாக இருக்குமா?

எல்லோருக்கும் அல்ல

டாக்டர் கனவு உள்ள பிள்ளை பிளஸ்-2 தான் படிக்க வேண்டும். நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதை விடக்கூடாது.

பாலிடெக்னிக்கிலும் மோசமானவை உண்டு. டிப்ளமோ முடித்து பி.இ. போகிறவர்களுக்குக் கணக்குப் பாடம் கண்ணைக் கட்டும் என்பதும் உண்மை. முதல் நாளிலிருந்தே உழைக்க வேண்டும்.

பெற்றோர்களே! பணம் கட்டும் முன் ஒருநாள் அந்தக் கல்லூரிக்குப் போங்கள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே படிக்கும் 3-ம் ஆண்டு மாணவனிடம் பேசுங்கள். கல்லூரிவாரியான தேர்ச்சி விவரத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

திருப்தி இல்லையா? பாலிடெக்னிக் பக்கம் தைரியமாகத் திரும்புங்கள். "என் பையன் பாலிடெக்னிக்" என்று சொல்ல வெட்கம் எதற்கு? கடன் வாங்கிப் படிக்க வைத்துவிட்டு, "என் பையன் சும்மா இருக்கான்" என்று சொல்வதுதான் கஷ்டம்!